ஆகஸ்ட் 15 வெறும் விடுமுறை நாள்தானா?

பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொடியின் முடிச்சு அவிழ்ந்து பூவிதழ்கள் உதிரும், கையில் ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும், பத்து மணிக்கெல்லாம் வீடு. அந்த நாளின் அருமை எனக்குப் புரிந்தது எங்கள் ஊர்க் கிராம சபையில்தான்.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். சட்டமன்றத்துக்கு நம் சார்பில் ஒருவரை அனுப்புகிறோம். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருமே உறுப்பினர்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம் கொடுத்த இடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்துக் கூட்டம் நடந்தது. வரவு செலவை வாசித்து முடித்ததும் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் எழுந்து, நான்கு நாட்களாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார். "எழுதிக்கொண்டேன் பாட்டி, உட்காருங்கள்" என்றார் ஊராட்சிச் செயலர். பாட்டி உட்காரவில்லை. "எழுதியதை வாசித்துக் காட்டு தம்பி." பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. செயலர் பேனாவை எடுத்து எழுதி, உரக்க வாசித்தார். பிறகுதான் பாட்டி கைநாட்டு வைத்தார். விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அரசாங்கத்தின் ஏட்டில் தன் பேச்சை ஏற்றிவிட்டுப் போனதை அன்று நேரில் பார்த்தேன்.

எல்லா ஊரிலும் இது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவர் ஏற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் கொடிக்கயிற்றைத் தொட, நாடு விடுதலை பெற்று 73 ஆண்டுகள் ஆன பிறகும் அதிகாரிகள் துணைக்கு நிற்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் 14-ஆம் தேதி இரவு பஸ் பிடித்துவிடுவேன். போன கூட்டத்தில் குடிநீர்க் கணக்கில் ஒரு செலவு எனக்குப் புரியவில்லை. எழுந்து கேட்டேன். சரியான பதில் வரவில்லை. அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்கும் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன்.