கங்காரு தாய் பராமரிப்பு என்றால் என்ன? குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டர் இருக்கும்போது அது எதற்கு?

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தையை, டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்து, மேலே துணியால் கட்டிவிடுவதுதான் இது. கூடவே தாய்ப்பால். தினமும் 8 மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுக்க வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா அசந்தால் அப்பா வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

சின்னக் கிண்ணத்து வெந்நீர் பெரிய பானையில் இருப்பதைவிடச் சட்டென்று ஆறிவிடும் இல்லையா? இங்கும் அதேதான். உடம்பு சிறிது, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு; சூடு நிற்காது. அதை அம்மாவின் உடம்பு கொடுக்கிறது.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா இதைத் தொடங்கக் காரணம் இன்குபேட்டர் பற்றாக்குறை. அப்புறம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த கையோடு இப்படி அணைத்து வைத்ததில், முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது.

வசதியில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றே பலர் இதை நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு நடந்ததே மூச்சுக்கு உதவும் கருவிகள் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான்.