வெண்பட்டும் ஒரு சொட்டு இரத்தமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே குழித்தறியில் பட்டு வேட்டி நெய்கிறார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அம்மா கையில் கொடுத்தால்தான் மாத்திரை போடுவார். நான் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டரில் இரண்டே முறை பார்த்தார்; இப்போது அது அலமாரியில் கிடக்கிறது. போன மாதம் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9.2 வந்தது. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறார். தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ள அவரைப் பழக்குவது எப்படி?

பதில்: அந்த மீட்டர் ஏன் அலமாரிக்குப் போனது என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா? திட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவின் தொழிலிலேயே உள்ள ஒருவர் என்னிடம் வந்தார். சர்க்கரை அளவு குறிக்கக் கொடுத்த நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. நான் கால் மணி நேரம் பேசினேன்: கண், சிறுநீரகம், கால் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பயமுறுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வலது கையை மேசைமேல் விரித்துக் காட்டினார். "அறுந்த இழையை இந்த நுனிகளால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். இதில் ஊசி குத்தினால் இரண்டு நாளைக்கு உறுத்துகிறது. வெள்ளைப் பட்டில் ஒரு பொட்டு இரத்தம் பட்டால் அந்த வேட்டியை யார் வாங்குவார்கள்?" என்றார். நான் பேசிய கால் மணி நேரமும் வீண். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவே இல்லை.

உங்கள் அப்பாவுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது அவருடைய வேலையிலோ அன்றாடத்திலோதான் இருக்கும். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டால் அது கண்ணில் படாது.

விரல்தான் சிக்கல் என்றால் தீர்வு எளிது. நுனியில் குத்தக் கூடாது. இழையைத் தடவும் இடமும் அதுதான், அதிகம் வலிக்கும் இடமும் அதுதான். மோதிர விரல் அல்லது சுண்டு விரலின் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு விரல் என்று மாற்றிக்கொள்ளலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தி, 300 வந்துவிட்டதென்று பதறி ஓடி வந்தவர்களை ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் பார்க்கிறேன். பிறகு பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். காலையில் காபிக்கு முன்பே பார்த்துவிட்டால், தறியில் உட்காரும்போது விரல் காய்ந்திருக்கும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். "இன்றைக்கு எவ்வளவு?" என்று நீங்கள் கேட்கும்போது அவர் காதில் விழுவது "எத்தனை மதிப்பெண்?" என்பதுதான். 61 வயதில் மகளிடம் தேர்வெழுத எந்த அப்பாவும் விரும்ப மாட்டார். ஆகவே எண்ணைக் கேட்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். மீட்டரை அவருடைய சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் கருவியாக ஆக்கிக் கொடுங்கள்.

மல்கோவா சாப்பிடலாமா, ராகிக் களி சர்க்கரையை ஏற்றாதா என்று அவருக்கும் சந்தேகங்கள் இருக்கும். ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். சாப்பிடுவதற்கு முன்பு ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். பலருக்கும் உணவுக்கு முன் 80 முதல் 130 வரை, இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. அவருக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு நான் சிபாரிசு செய்வது ஜவ்வரிசி உப்புமா. நம் ஊரின் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை. 'வயிற்றுக்கு இலேசானது' என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைப்பார்கள். களியும் அப்படியே: தானியம் நல்லதுதான், உருண்டையின் அளவுதான் கேள்வி. நான் பத்து முறை சொல்லி இறங்காதது, தானே குத்திப் பார்த்த ஒரு எண்ணில் இறங்கிவிடும்.

9.2 என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அவருடைய இரத்தச் சர்க்கரை சராசரியாக 217 அளவில் இருந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் இருந்து இதை ஏமாற்ற முடியாது. இந்த அளவுக்கு மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். பல ஆண்டுகள் ஆன நோய்க்கு மருந்து கூடுவது சகஜம். அது அப்பாவின் தோல்வி அல்ல என்பதை மருத்துவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, அம்மா ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை நிரப்புவது அப்பாவின் வேலையாக இருக்கட்டும். அம்மா சும்மா இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல வசதிதான். ஆனால் மாத்திரை வந்துவிட்டதே என்று ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய கண் பரிசோதனையையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

குழித்தறிக்காரர் என்பதால் கால் பற்றித் தனியாகச் சொல்கிறேன். நாள் முழுவதும் வெறுங்காலால் மிதிக்கட்டையை மிதிக்கிறார். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலில் சிராய் ஏறினால் தெரியாது; சீழ் வைத்த பிறகுதான் தெரியும். தறியை விட்டு எழுந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கட்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டலாம். மிதிக்கட்டை முன்போல் காலுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். 'பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது' என்றால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்ட கால்களோடு ஆடியில் பூமிதிக்க நேர்ந்துகொள்ள வேண்டாம். அம்மனுக்குச் செலுத்த வேறு நேர்த்திகள் உண்டு.

இன்னொரு ஆபத்து, வேட்டியை முடித்துவிடும் வேகத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது. கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை போடுகிறவர்களுக்கு அப்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், இழை கண்ணுக்குப் பிடிபடாது. உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். குளுக்கோஸ் டப்பா சமையலறையில் இருந்து பயனில்லை, தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்; பட்டில் எறும்பு ஏறினால் அந்த டப்பாவும் மீட்டரோடு அலமாரிக்குப் போய்விடும்.