கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாகக் குற்றப்புனைவுகளாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாவல்களைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

முதலாவது, அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’. கடைசிப் பக்கங்களில் வந்த கோபத்தில் புத்தகத்தை வீசி எறியலாம் போலிருந்தது. இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா? அடுத்தது, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘சந்தேக நபர் எக்ஸ்’. யார் கொன்றார், எப்படிக் கொன்றார் என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்படியும் முடிவில் ஆடிப்போய்விட்டேன். இங்கேயும் ஏமாந்துதான் இருக்கிறேன், ஆனால் கோபமே வரவில்லை. அது ஏன்? மூன்றாவது, சுவீடனின் மாய் ஷோவாலும் பெர் வாலோவும் சேர்ந்து எழுதிய ‘ரோசன்னா’. பாதி நாவல் வரை போலீஸ்காரர்கள் தகவலுக்காகக் காத்திருக்கிறார்கள். துப்பறிகிறவருக்குச் சளி, வயிற்றுக் கோளாறு. வேறொன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. இதை ஏன் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

தீவிர இலக்கியம் மட்டுமே படிக்கும் என் நண்பர், “முடிவு தெரிந்ததும் குப்பைக்குப் போகிற சரக்கு” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை வெட்டியிருக்கிறேன். அக்ராய்டைக் கொன்றது யார் என்று போட்டு உடைத்திருந்தீர்கள். 1926இல் வந்த நாவல்தான். ஆனாலும் நாளைக்கு அதைக் கையில் எடுக்கப்போகிறவர் ஒருவர் இருப்பார். உங்களுக்கு வந்த கோபம் அவருக்கும் வரட்டும்.

அந்தக் கோபம் பழையது. நாவல் வந்த புதிதிலேயே ‘இது அழுகுணி ஆட்டம்’ என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்று கிறிஸ்டிக்காகப் பேசினார் இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான டோரதி சேயர்ஸ். அந்த ஆண்டுகளில் விதி எழுதுவதே ஒரு மோகமாக இருந்தது. 1928இல் அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் போட்டார். மறுவருடம் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் பத்து விதிகள் போட்டார். துப்பறிகிறவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, யாரும் அறியாத விஷம் கூடாது, இரட்டையர் திடீரென்று முளைக்கக் கூடாது என்று போகும். பாதி விளையாட்டு. நாக்ஸ் கத்தோலிக்கப் பாதிரியார், அதனால்தான் பைபிளின் பத்துக் கட்டளைகள்போலப் பத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்தில் உருப்படியானது என்று நான் நினைப்பது ஒன்றுதான்: துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயம் உடனே வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டு கிறிஸ்டியிடம் போனால் அவர் மாட்ட மாட்டார். தொடக்க அத்தியாயங்களில் ஓரிடத்தில் கடிகார நேரத்தைக் குறிப்பிடும் சில வாக்கியங்கள் வரும். முதல் வாசிப்பில் கண் நிற்காமல் போய்விடும். இப்போது போய்ப் பாருங்கள். பொய் என்று கை வைக்க ஒரு சொல்கூட இருக்காது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் அந்த வாக்கியங்களில் ஒருவருடைய தற்பெருமையும் தெரியும். அது கிறிஸ்டியின் பெருமை இல்லை. இதற்கு மேல் சொன்னால் நானும் போட்டு உடைத்தவன் ஆவேன்.

உண்மையில் கோபப்பட வேண்டிய நாவல்கள் வேறு. கடைசி அத்தியாயத்தில் அதுவரை பெயரே வராத அண்ணன் வருவார். கதை சொல்பவருக்கு ஞாபகமறதி என்று முன்னூறாவது பக்கத்தில் தெரியவரும். நடுநடுவே சாய்ந்த எழுத்தில் கொலையாளி தனக்குள் பேசிக்கொள்வார், தான் ஆணா பெண்ணா என்பதை மட்டும் பக்குவமாகத் தவிர்த்துக்கொண்டு. மனதுக்குள் பேசும்போது யாருக்காக அந்த எச்சரிக்கை? இவற்றைத் திரும்பப் படித்தால் கிடைக்க ஒன்றுமில்லை. முதல் தடவை நமக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் குற்ற நாவல்களை எடைபோடுவது இதை வைத்துத்தான்: கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை படிக்க முடிகிறதா?

ஹிகாஷினோ இதில் கெட்டிக்காரர். குற்றத்தை முதலில் காட்டிவிட்டு, அதைக் கண்டுபிடிக்கும் விதத்தை அடுத்துச் சொல்லும் முறையை 1912லேயே ஆஸ்டின் ஃப்ரீமன் தன் கதைகளில் செய்து காட்டிவிட்டார். ‘சந்தேக நபர் எக்ஸ்’ அந்த வரிசையில் வருவதுபோலப் பாவனை செய்கிறது. நாவலில் இஷிகாமி பள்ளிக் கணித ஆசிரியர். பார்த்தால் வடிவியல் போலத் தெரியும், போட்டுப் பார்த்தால் இயற்கணிதமாக இருக்கும், அப்படிப்பட்ட கணக்குகளைத் தேர்வில் தருவது தன் வழக்கம் என்று அவரே சொல்கிறார். நாம் அதை அவருடைய குணச்சித்திரம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நாவல் நம்மை என்ன செய்யப்போகிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்லியாகிவிட்டது.

2005இல் நாவல் வந்து நவோகி பரிசு பெற்றபோது, தடயங்களை நேர்மையாக வைத்த கதையா இது என்று ஜப்பானிலும் விவாதித்தார்கள். என்னைக் கேட்டால், நேர்மையானதுதான். உங்களுக்குக் கோபம் வராத காரணமும் எனக்குப் புரிகிறது. விடை தெரியும்போது ஹிகாஷினோவின் சாமர்த்தியம் நம் நினைவுக்கு வருவதில்லை. இஷிகாமி என்ற தனி ஆள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதுதான் நம்மை அடிக்கிறது.

இனி ‘ரோசன்னா’. இங்கே நான் உங்களோடு சண்டைதான் போட வேண்டும்.

ஜூலை மாதம், யோத்தா கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. துணியில்லை, பெயரில்லை, தேடி வந்தவர்களும் இல்லை. நாவல் வெளிவந்தது 1965இல். மரபணுச் சோதனையெல்லாம் அப்போது கிடையாது. துப்பறிகிற போலீஸ்காரர் மார்ட்டின் பெக் காத்திருக்கிறார். அவள் பெயர் தெரிவதற்கே மாதக்கணக்கில் ஆகிறது, அதுவும் அமெரிக்காவில் நெப்ராஸ்காவிலிருந்து வரும் செய்தியால். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நீங்கள் சொல்வது இந்தப் பகுதியைத்தான். பெயர் கிடைத்த பிறகு, அவளோடு பழகியவர்களை அமெரிக்கப் போலீஸ் விசாரித்த வாக்குமூலங்கள் வருகின்றன. கேள்வி, பதில், கேள்வி, பதில். வருணனை இல்லை. அவற்றைப் படித்து முடிக்கும்போது அவள் ஒரு ஆளாகிவிடுகிறாள், தனக்கென்று விருப்பமும் பிடிவாதமும் உள்ள ஆள். அடுத்து, அவள் பயணம் செய்த படகில் வந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்துப் பார்க்கிறார்கள். யாரோ எடுத்த படத்தில் அவள் உயிரோடு தெரிகிறாள். எண்ணற்ற துப்பறியும் கதைகளில் பிணம் என்பது முதல் அத்தியாயத்துக்குத் தேவைப்படும் ஒரு பொருள், நூலகத்துத் தரைவிரிப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே செத்தவளைத் தெரிந்துகொள்வதற்கே பாதி நாவல் போகிறது. அந்தக் காத்திருப்பு இல்லாமல், அந்தப் படத்தில் அவள் முகத்தைப் பார்க்கும்போது நமக்கு ஒன்றும் ஆகாது.

குறையே இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். கடைசியில் குற்றவாளிக்கு வைக்கும் பொறி எனக்கும் ரசிக்கவில்லை, நாவல் திடீரென்று சினிமாவாகிவிடுகிறது. ஷோவாலும் வாலோவும் வாழ்க்கைத் துணைவர்கள், அத்தியாயங்களை மாற்றி மாற்றி எழுதியவர்கள், இடதுசாரிகள். 1965 முதல் 1975 வரை வந்த பத்து நாவல்களுக்கும் சேர்த்து ‘ஒரு குற்றத்தின் கதை’ என்று பொதுப்பெயர். அந்தக் குற்றம் சுவீடன் அரசுடையது என்று அவர்கள் கருதினார்கள். பிந்தைய நாவல்களில் அது கொஞ்சம் பிரசங்கமாகவே ஆகிவிடுகிறது.

உங்கள் நண்பருக்கு நல்ல துணை உண்டு. எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் 1945இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன?’ என்பதுதான். துப்பறியும் கதைகளை அதில் வறுத்தெடுத்திருப்பார். யார் கொன்றது என்பது மட்டுமே ஒரு நாவலில் இருந்தால் வில்சன் சொல்வதும் சரி, உங்கள் நண்பர் சொல்வதும் சரி. அவரோடு வாதாட வேண்டாம். ‘சந்தேக நபர் எக்ஸ்’ஸின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, நாவலைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நீங்கள் வேகம் தேடுவதால், மார்ட்டின் பெக் வரிசையில் நான்காவதான ‘சிரிக்கும் போலீஸ்காரர்’ நாவலைப் படியுங்கள், 1968இல் வந்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு பேருந்தில் இருந்தவர்களை யாரோ சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். செத்தவர்களில் ஒருவர் பெக்கிடம் வேலை பார்த்த இளம் போலீஸ்காரர். அந்த இரவில் அவருக்கு அந்தப் பேருந்தில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்புடன்.