ஒரு பவுனில் எத்தனை அணு? வேதியியல் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வீட்டு ஆச்சிமார் வரை கேட்டவற்றில் அடிப்படையான சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கு வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

தேவகோட்டை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்: சார், தனிம வரிசை அட்டவணையில் இருக்கிற 118 தனிமத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம் தம்பி. முதல் 20 போதும். அப்புறம் இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, தங்கம், பாதரசம் என்று புழக்கத்தில் உள்ளவை தானாக மனதில் நின்றுவிடும். மனப்பாடத்தைவிட முக்கியம், அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்கத் தெரிவது. ஒரே தொகுதியில், அதாவது ஒரே நெடுவரிசையில், இருப்பவை ஒரே மாதிரி நடந்துகொள்ளும். லித்தியத்துக்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம். மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், மூன்றும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதை ஊகிக்கலாம்.

1869-ல் இந்த அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் செய்ததும் இந்த ஊகம்தான். அன்றைக்குத் தெரிந்தவை 63 தனிமங்கள். அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் உலோகத்தின் அடர்த்தி, அதாவது ஒரு மில்லி அளவின் எடை, 5.9 கிராம் பக்கத்தில் இருக்கும் என்றார். 1875-ல் பிரான்சில் காலியம் கிடைத்தது. கண்டுபிடித்தவர் அளந்தபோது வந்தது 4.7. உலோகத்தை இன்னும் சுத்தம் செய்து அளக்கச் சொல்லி மெண்டலீவ் எழுதினார். திரும்ப அளந்தால் 5.9! அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்காதவர் சொன்ன எண் அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அதே மாணவர்: ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. எடை கூடினது ஏன் முன்னாடி வருது?

வரிசை எடையை வைத்து இல்லை, அணு எண்ணை வைத்து. அணு எண் என்றால் உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. 1913-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதை நிறுவினார். நல்ல கேள்வி தம்பி.

குன்றக்குடி, பத்தாம் வகுப்பு மாணவி: குளோரினுக்கு 35.5 என்று போட்டிருக்கு. அரை நியூட்ரான் உண்டா?

கிடையாதும்மா. 100 குளோரின் அணுவை எடுத்தால் ஏறக்குறைய 76-ன் நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 35, மீதி 24-க்கு 37. சராசரி போட்டுப் பார், 35.48 வரும்.

காரைக்குடி, நகைக்கடையில் வேலை பார்ப்பவர்: ஒரு பவுன் தங்கத்தில் எத்தனை அணு இருக்கும்?

உங்கள் கணக்கிலேயே போவோம். பவுன் 8 கிராம். 916 நகை என்றால் அதில் சுத்தத் தங்கம் 8 × 0.916, அதாவது 7.33 கிராம். தங்கத்தின் அணு நிறை 197, ஆகவே 197 கிராம் தங்கம் ஒரு மோல். ஒரு மோலில் 6.022 × 10²³ அணுக்கள். 7.33-ஐ 197-ஆல் வகுத்து அதோடு பெருக்கினால் 2.2 × 10²². 22 எழுதி அதன் பின்னால் 21 சுழியம் போடுங்கள். இந்த அணுக்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 35 லட்சம் நிற்கும். உருக்கினாலும் அழித்துச் செய்தாலும் ஒவ்வொன்றிலும் 79 புரோட்டான் அப்படியே இருக்கும்.

புதுவயல், இல்லத்தரசி: எங்கள் அப்பத்தா சீராகக் கொண்டுவந்த சொம்பு செம்பா, பித்தளையா? முலாம் பூசியிருப்பதால் நிறம் தெரியவில்லை. சுரண்ட மனசு வரலை. எடை 640 கிராம். நீர் நிறைந்த பாத்திரத்தில் முக்கினேன், வழிந்த தண்ணீர் 70-லிருந்து 75 மில்லி.

சுரண்டவே வேண்டாம், நீங்கள் பிடித்த வழி சரியான வழி. செம்பின் அடர்த்தி 8.96, பித்தளை 8.4-லிருந்து 8.7-க்குள். 640-ஐ 70-ஆல் வகுத்தால் 9.1, 75-ஆல் வகுத்தால் 8.5. ஒன்று செம்பு என்கிறது, மற்றது பித்தளை என்கிறது. சொம்பின் எடையில் குறை இல்லை. அளவுதான் முடிவு சொல்லும் அளவுக்குக் கூர்மையாக இல்லை. கருவியால் பார்க்க முடிந்ததைவிட அதிகமாக விடையில் எழுதக்கூடாது. கால்குலேட்டர் 8.5333 என்று காட்டினாலும் அந்த 333-க்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் வாளியைத் தண்ணீரோடு வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி முழுக்க மூழ்கவிடுங்கள், அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம்தான் சொம்பு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. வழிந்ததைப் பிடிக்கவும் வேண்டாம், டம்ளரில் ஒட்டியதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். சொம்பைச் சாய்த்து இறக்கி உள்ளே இருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றிவிடுங்கள். காற்று தங்கினால் அளவு கூடிப்போய் செம்புகூடப் பித்தளை போலத் தெரியும். மூன்று தடவை அளந்து எழுதுங்கள்.

(அவரே மறுபடி): 75, 76, 75 வந்தது ஐயா.

அருமை. 75 என்று கொண்டால் 8.5. ஒரு கிராம் முன்னே பின்னே போனாலும் 8.4-க்கும் 8.7-க்கும் இடையில்தான் விழும். செம்பாக இருந்திருந்தால் தராசு 71 காட்டியிருக்கும். உங்கள் அப்பத்தா கொண்டுவந்தது பித்தளைச் சொம்பு.

பள்ளத்தூர், வீட்டு உரிமையாளர்: நூறு வருஷச் சுண்ணாம்புச் சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

அடிக்காதீர்கள் அண்ணே. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு கிலோவைச் சூளையில் சுட்டால் 440 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும், 560 கிராம் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். அதை நீற்றும்போது 180 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 740 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே 440 கிராம் கார்பன் டைஆக்சைடை மெதுவாக இழுத்து, 180 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி ஒரு கிலோ கல்லாகிவிடும். சூளையில் போனது அத்தனையும் திரும்பி வருகிறது! வேதிவினையில் நிறை அழியாது என்பதற்கு உங்கள் வளவுச் சுவரே சாட்சி. அந்தச் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே ஏறும் ஈரம் அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். பிளாஸ்டிக் பெயின்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பெயின்ட் கொப்பளித்துப் பூச்சோடு உரியும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பே போதும்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: பேட்டரி என்றாலே ஏன் லித்தியம்?

அட்டவணையில் அது இருக்கும் இடத்தைப் பார். உலோகங்களில் மிக இலேசானது, வெளி எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். 7 கிராம் லித்தியம் தரும் அதே எண்ணிக்கை எலக்ட்ரானைத் தர 23 கிராம் சோடியம் வேண்டும். இன்னும் ஆழமாகத் தெரியவேண்டும் என்றால் நம் ஊர் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காமல் இருக்காதே.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: ஆத்தங்குடிக் கல் தரையில் கறை. கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை ஊற்றித் துடைக்கலாமா தம்பி?

கூடவே கூடாது ஆச்சி. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிமேல் வார்த்த சிமென்ட். தண்ணீரில் ஊறும்போது சிமென்ட் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகியது. அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியச் சேர்மங்கள், ஆசிட் பட்டால் அவை கரையும். நுரை வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைப்பீர்கள், போவது கல்லின் மேல்பரப்பு. மெருகு போய் நிறமும் மங்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். இன்னொன்று, அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பொசுக்கும் விஷம். வேலைக்கு வருகிற பெண்ணிடமும் இதைச் சொல்லி வையுங்கள் ஆச்சி.