அரிசிக்கு வரியா, பைக்கு வரியா?

கேள்வி: அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்டதை இன்னும் ஏன் குறை சொல்கிறீர்கள்? வெறும் 5 சதவீதம். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம்தானே? வரி வேண்டாமென்றால் சில்லறையாக வாங்கிக்கொள்ளலாமே?

பதில்: ஒரே விகிதம் இல்லை என்பதுதான் குறையே. 2022 ஜூலை 18 முதல், லேபிளோடு வரும் அரிசிப் பை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. 26 கிலோவாக இருந்தால் வரியே கிடையாது. 25 கிலோ சிப்பம் கட்டிய ஆலைகள் பல 26-க்கு மாறியது இதனால்தான்.

வரிக்கு முன் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 கிலோ சிப்பம் 1,560 ரூபாய், வரி பூஜ்யம். 5 கிலோ பை 300 ரூபாய், வரி 15. அப்படி ஐந்து பை வாங்குகிறவர் 25 கிலோவுக்கு 75 ரூபாய் வரி கட்டியிருப்பார். 1,560 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிந்தவருக்கு விலக்கு. வாரக்கூலியில் அரிசி வாங்குகிறவருக்கு வரி. சின்னப் பையில் பேக்கிங் செலவால் கிலோ விலை ஏற்கெனவே கூடுதல். அதன் மேல்தான் இந்த 5 சதவீதமும் ஏறுகிறது.

25 என்ற எண், பொட்டலத்தின் மேல் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்லும் 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளிலிருந்து வந்தது. யாரால் வரி தாங்க முடியும் என்று பார்த்து வகுத்த எல்லை அல்ல அது.

பிராண்டைப் பார்க்காமல் லேபிள் பைக்கெல்லாம் வரி போட்டதற்கு அரசு சொல்லும் காரணத்தில் உண்மை இருக்கிறது. 2017-இல், பதிவுபெற்ற பிராண்ட் அரிசிக்கு வரி வந்ததும், 'பிராண்ட் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம்' என்று பையில் அச்சிட்டுப் பலர் தப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அடைத்த விதத்தில், பெயரில்லாத உள்ளூர் ஆலையின் 5 கிலோ பை மாட்டிக்கொண்டது. பெரிய பிராண்டின் 26 கிலோ சிப்பம் நழுவிவிட்டது.

சில்லறை என்கிறீர்கள். 26 கிலோ சிப்பத்தைப் பிரித்து எடைபோட்டுக் கொடுத்தால் வரி இல்லை, சரி. வரி கட்டி வந்த 25 கிலோ சிப்பத்தைப் பிரித்தால்? பில்லில் வரி தெரியாது. ஆனால் வரிவிலக்குள்ள விற்பனை என்பதால், சிப்பம் வாங்கும்போது கடைக்காரர் கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்டும் வரியிலிருந்து (உள்ளீட்டு வரவாக) கழித்துக்கொள்ள முடியாது. அது விலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். எந்தச் சிப்பத்தைப் பிரித்தது என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: பையில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரி அடக்கம். அதற்கு மேல் 5 சதவீதம் சேர்த்து பில் போட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

25 கிலோ எல்லையை எடுத்துவிட்டு எல்லா அரிசிக்கும் விலக்கு தரலாம். அப்போதும் முழு 5 சதவீதமும் இறங்கிவிடாது; சாக்குக்கும் இயந்திர உதிரிபாகங்களுக்கும் ஆலை கட்டும் வரி திரும்பக் கிடைக்காமல் விலையில் தங்கும். இருந்தாலும் சின்னப் பைக்கு மட்டும் தண்டனை என்பது போகும். முடியாத காரியமும் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பனீருக்கு இருந்த 5 சதவீதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். ஆனால் 5 கிலோ அரிசிப் பையை 5-லேயே விட்டுவிட்டார்கள்.