லாரி மோதிக் கால் முறிந்த என் அண்ணன், காப்பீட்டு நிறுவனம் பேசும் தொகைக்கு உடனே சம்மதிக்கலாமா?

கொத்தனார் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் குடியிருக்கும் ஊரிலேயே செய்யலாம். ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 6 மாதக் கெடு வைக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவோடு இழப்பீடு முடிந்துவிடாது. வருமான இழப்பு, வலி, துணைக்கு இருந்தவரின் செலவு எல்லாம் சேரும். ஊனச் சான்றிதழின் சதவீதமும் முடிவான கணக்கல்ல. உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியபடி, இடது கையை இழந்த ஓட்டுநருக்குப் பிழைப்பே போகிறது. அதே கையை இழந்த எழுத்தரோ தன் வேலையில் தொடரக்கூடும். சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு இதுதான் முக்கிய வாதம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருந்துக் கடை ரசீதுகளையும் (மை மங்கும் முன்பே நகலெடுத்து) பத்திரப்படுத்துங்கள்.