அது வீரர் இல்லை, காளை!

வினாடி வினாவுக்குப் பிபிஆர் (அமெரிக்கத் தொழில்முறைக் காளைச் சவாரி அமைப்பு) சாம்பியன்களைத் தொகுக்கும்போது, 2002 முதல் 2004 வரை ஆண்டுக்கு இரண்டு பெயர் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். லிட்டில் யெல்லோ ஜாக்கெட் என்பது காளை! அந்த அமெரிக்கப் போட்டியில் காளைக்கும் தனியாக உலக சாம்பியன் பட்டம் உண்டு. மூன்று ஆண்டும் அதுவே தட்டிச் சென்றது. வீரர்கள் என்றால் எட்னெய் கமின்யாஸ், கிறிஸ் ஷிவர்ஸ், மைக் லீ, இதே வரிசையில். எட்டு நொடி தாக்குப்பிடித்தால் கிடைக்கும் மதிப்பெண்ணில் பாதி காளையின் துள்ளலுக்கும் சுழற்சிக்கும்தான், அதனால் பட்டம் நியாயமே. கேள்வியில் ‘வீரர்’ என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மேடையிலேயே சண்டை வரும்.

அப்புறம், லேன் ஃப்ராஸ்ட்–பிரென்ட் தர்மன் விருதை இதில் சேர்க்காதீர்கள். அது உலக இறுதிப் போட்டியில் ஒரே சவாரியில் அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு. களத்தில் காளை தாக்கியதால் உயிரிழந்த அந்த இரு வீரர்களின் நினைவாகத் தருவது.